உள்ளூர் கால்பந்து ரெஃப்ரியிடம் நிறைகுறை சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

விசைப்படகுகள் மீன்பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், மண்டபம் தொடங்கி தொண்டி வரை ஏதாவது ஓர் ஊரில் மாலையானால் கால்பந்து டோர்னமென்ட்தான். விசில் பிடிப்பவர் பெரும்பாலும் போன வருடம் வரை அதே மைதானத்தில் ஆடியவராக இருப்பார், இல்லையென்றால் லீவுக்கு வந்த கல்லூரிப் பையனாக இருப்பார். ஆட்டம் முடிந்ததும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒன்பது பேர் திட்டுவதற்கு வந்தவர்கள். உருப்படியாக ஒன்றைச் சொல்லி நாளைய ஆட்டத்தை இன்னும் நன்றாக நடத்த வைக்க வேண்டும் என்று நினைக்கிற அந்தப் பத்தாவது ஆளுக்குத்தான் இது.

படிகளின் வரிசை முக்கியம். எல்லோரும் நேராக ஒன்பதாவது படிக்குப் போய்ப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். முன்னால் உள்ள எட்டும் இல்லாமல் பேசினால் நீங்களும் அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான்.

1. நீங்கள் பேசலாமா என்று முதலில் பாருங்கள்

உங்கள் மகனோ மச்சானோ அந்த ஆட்டத்தில் ஆடினால் அன்றைக்கு நீங்கள் பேச வேண்டாம். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ரெஃப்ரியின் காதில் "இவர் அந்த டீம் ஆளு" என்றுதான் விழும். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம் என்பதால் முழுக்க விலகி நிற்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்தான். குறைந்தபட்சம் அன்றைய இரண்டு அணிகளிலும் நேரடித் தொடர்பு இல்லாதவராக இருங்கள்.

ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் மட்டும் பேச வேண்டும். கமிட்டியில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் பையன் எதையும் கேட்கமாட்டான். யார் பேசுவது என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கால்பந்துச் சங்கத்து மதிப்பீட்டாளர் வந்திருக்கிற அதிகாரபூர்வ ஆட்டம் என்றால் வேலை அவருடையது, ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

2. விதிகளைப் புதிதாகப் படியுங்கள்

பழைய ஆட்டக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். விதிகளை வகுக்கிற ஐஎஃப்ஏபி அமைப்பு ஆண்டுதோறும் அவற்றைத் திருத்துகிறது. நீங்கள் ஆடிய காலத்து விதியை வைத்துக்கொண்டு சரியாக விசில் ஊதிய பையனைத் தப்பு என்று சொன்னால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எதற்கும் மதிப்பு இருக்காது. மொத்தம் 17 விதிகள், இரண்டு மாலையில் படித்துவிடலாம். இங்கே அடிக்கடி சண்டை வருகிற இடங்கள் இவை:

கோல்கிக்: பந்து பெனால்டி ஏரியாவை விட்டு வெளியே வர வேண்டும் என்பது 2019 முதல் கிடையாது. உதைத்துப் பந்து தெளிவாக நகர்ந்தாலே ஆட்டம் தொடங்கிவிட்டது.

ரெஃப்ரி மேல் பந்து பட்டால்: அதுவும் 2019-இல் மாறியது. பட்டு நேராகக் கோலுக்குள் போனாலோ, பந்து அடுத்த அணியிடம் போனாலோ, அதனால் நல்ல தாக்குதல் ஒன்று தொடங்கினாலோ நிறுத்திவிட்டு டிராப் பால் போட வேண்டும், அதாவது ரெஃப்ரி பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

கோலி (கோல்கீப்பர்) பந்தைக் கையில் வைத்திருப்பது: 2025-26 விதிகளில் 8 விநாடி. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். முன்பு 6 விநாடி, இன்டைரக்ட் ஃப்ரீகிக் (நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீகிக்) என்று இருந்தது. கடைசி 5 விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி எண்ணிக் காட்ட வேண்டும்.

"பந்தைத் தொட்டுட்டான், அப்புறம் என்ன ஃபவுல்?" விதியில் அப்படி ஒரு சலுகை இல்லை. பந்தைத் தொட்ட பிறகும் கவனமில்லாமல் ஆளைச் சாய்த்தால் ஃபவுல்தான்.

"கடைசி ஆளு, சிவப்பு குடு!" கடைசி ஆள் என்ற சொல்லே விதியில் கிடையாது. உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்ததற்குச் சிவப்பு அட்டை தர, கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து அவன் வசம் இருந்திருக்குமா, தடுக்க எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்று நான்கையும் பார்க்க வேண்டும்.

கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்ஸ் இல்லை, த்ரோவில் நேராகப் பந்து வாங்கினால் ஆஃப்சைடு (எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நின்று பந்து வாங்குவது) இல்லை, கோட்டின் மேல் இருக்கிற பந்து உள்ளேதான் இருக்கிறது. இவற்றைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் கரையில் நின்று கத்துகிறவர்களில் பாதிப் பேர் இதற்குத்தான் கத்துகிறார்கள்.

அப்புறம் டோர்னமென்ட் நோட்டீசைப் படியுங்கள். செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) என்றால் ஆஃப்சைடு உண்டா, ஆள் மாற்றுவதற்குக் கணக்கு உண்டா, ஃப்ரீகிக்குக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் கமிட்டிக்குக் கமிட்டி வேறு. நோட்டீசில் இல்லாத ஒன்றுக்கு ரெஃப்ரியைக் குறை சொன்னால், கமிட்டியின் குறையை அவன் தலையில் ஏற்றுகிறீர்கள்.

3. ரெஃப்ரியிடம் முன்கூட்டியே கேளுங்கள்

ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு போய், "தம்பி, இன்னைக்கு உன் ஆட்டத்தைப் பாக்குறேன், முடிஞ்சப்புறம் கொஞ்சம் பேசலாமா? எதைக் குறிப்பா பாக்கணும்னு சொல்லு" என்று கேளுங்கள். "வேண்டாம்ணே" என்றால் விட்டுவிடுங்கள். கேட்காமல் வருகிற யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திட்டு மாதிரிதான் இருக்கும்.

இந்தக் கேள்வியால் இன்னொரு நன்மையும் உண்டு. "ஆஃப்சைடுதான்ணே பயமா இருக்கு" என்று அவனே ஒன்றைச் சொல்வான். உங்கள் குறிப்பில் பாதி அங்கேயே முடிவாகிவிட்டது. பையன் 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால், பேசும்போது அவன் வீட்டு ஆளோ கோச்சோ பக்கத்தில் இருக்கட்டும்.

4. மைதானத்தை ஒரு சுற்று சுற்றுங்கள்

நம் மைதானங்களில் பாதி மணல். சுண்ணாம்புக் கோடு முதல் பாதிக்குள் காலில் மிதிபட்டுக் கரைந்துவிடும். பெனால்டி ஏரியாவின் கோடு எங்கே மங்கலாக இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். "அது உள்ளேயா வெளியேயா" என்ற சண்டை வரும்போது, கோடே இல்லாத இடத்தில் ரெஃப்ரி என்ன செய்திருக்க முடியும் என்று அப்போதுதான் தெரியும்.

வெயிலையும் காற்றையும் பாருங்கள். கிழக்கு மேற்காகப் போஸ்ட் நட்ட மைதானத்தில் ஐந்தரை மணிக்கு மேற்கே பார்த்து ஓடுகிறவனுக்குக் கண் கூசும். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற நாளில் விசில் சத்தம் காற்றுக்கு எதிரே இருக்கிறவன் காதில் விழாது. விசிலுக்கு அப்புறமும் ஓடி மோதினான் என்று ஒருவனுக்கு அட்டை காட்டினால், அவனுக்கு விசில் கேட்டதா என்பதும் உங்கள் குறிப்பில் வர வேண்டும்.

நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மக்ரிப் பாங்குக்கு (அந்தி நேரத் தொழுகை அழைப்புக்கு) முன்னால் முடிக்க வேண்டும் என்பார்கள். இரண்டு பாதியையும் குறைப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே ரெஃப்ரியும் இரண்டு அணிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் சுருக்கினால் அது விதிக்குப் புறம்பு, தோற்ற அணிக்குக் காரணமும் கிடைத்துவிடும்.

5. பந்தை விட்டு ரெஃப்ரியைப் பாருங்கள்

இதுதான் பழகக் கடினமான படி. கண் தானாகப் பந்துக்குப் போகும். வேண்டுமென்றே ரெஃப்ரி மேல் வையுங்கள்: அவன் எங்கே நிற்கிறான், எப்போது ஓடத் தொடங்குகிறான், விசிலுக்கு அப்புறம் என்ன காட்டுகிறான்.

நோட்டில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி: எந்த நிமிடம், பந்து எங்கே, ரெஃப்ரி எங்கே, என்ன கொடுத்தான், நான் பார்த்தது எவ்வளவு நிச்சயம். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கோட்டுக்கு வெளியே 50 மீட்டர் தள்ளிப் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் பல இடங்களில் "தெரியவில்லை" என்றுதான் எழுத வேண்டும், கூச்சப்படாதீர்கள்.

ஆஃப்சைடுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். எதிரணியில் கோலுக்குப் பக்கத்திலிருந்து இரண்டாவதாக இருக்கிற ஆளுக்கு நேராக, பக்கவாட்டில் நின்று பார்த்தால் மட்டுமே ஆஃப்சைடு தெரியும். லைன்மேன் இல்லாத ஆட்டத்தில் தனியாக ஓடுகிற ரெஃப்ரிக்கு அந்த இடம் எப்போதாவதுதான் கிடைக்கும். நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் கிடைக்காது. அந்த நேர்க்கோட்டில் நீங்கள் இல்லையென்றால் ஆஃப்சைடைப் பற்றி எழுதவே வேண்டாம்.

செல்போன் வீடியோவை எடுத்துக்கொண்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். வேறு கோணத்தில், நிறுத்தி நிறுத்திப் பார்த்த ஒன்றை வைத்து, ஒரே தடவை ஓடிக்கொண்டே பார்த்தவனை எடைபோடுவது நியாயமில்லை. அவன் நின்ற இடம் தெரிகிற மாதிரி எடுத்திருந்தால் மட்டும் பயன்படும்.

சரியாகச் செய்ததையும் அதே வரியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் சாயங்காலம் ஞாபகம் வராது, "நல்லா ஊதுன தம்பி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மழுப்ப வேண்டியிருக்கும்.

6. இடைவேளையில் பேசாதீர்கள்

முதல் பாதியில் ஒரு பெனால்டி தவறிவிட்டது என்று இடைவேளையில் சொன்னால், இரண்டாம் பாதியில் அதை ஈடுகட்ட வேண்டும் என்று அவன் மனம் தேடத் தொடங்கும். ஒரு தவறு இரண்டாகும். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் முந்தைய முடிவை மாற்ற அவனுக்கு அதிகாரமும் கிடையாது.

பாதுகாப்பு விஷயம் மட்டும் விதிவிலக்கு. மைதானத்தில் கண்ணாடி கிடக்கிறது, போஸ்ட் ஆடுகிறது, ஒருவன் தலையில் அடிபட்டு மயக்கமாக நிற்கிறான் என்றால் உடனே சொல்லுங்கள். மற்றபடி தண்ணீர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

7. குறிப்புகளைப் பிரித்து, இரண்டை மட்டும் எடுங்கள்

ஆட்டம் முடிந்ததும் போய்ப் பேசாமல் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். குறிப்புகளை நான்காகப் பிரியுங்கள்.

விதி தெரியாமல் செய்தது. சொந்த அணிக்காரன் காலால் தள்ளிக் கோலி கையால் எடுத்த பேக் பாஸுக்கு இன்டைரக்டுக்குப் பதில் டைரக்ட் ஃப்ரீகிக் கொடுத்தது மாதிரி. இதில் வாதத்துக்கே இடமில்லை, படித்தால் சரியாகிவிடும். முதலில் எடுக்க வேண்டியது இதுதான்.

நின்ற இடம். பெரும்பாலான தவறான முடிவுகளின் வேர் இங்கே இருக்கிறது. புதிய ரெஃப்ரிகள் நடு வட்டத்தைச் சுற்றியே நிற்பார்கள், இல்லையென்றால் பந்துக்கு நேர் பின்னால் ஓடுவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரியும். மோதுகிற இருவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தெரிகிற மாதிரி பக்கவாட்டில் இருக்க வேண்டும். மணலில் ஓடுவது சிரமம் என்பதால் தூரத்தை விடக் கோணத்தைப் பற்றிப் பேசுங்கள். நான்கு அடி விலகினாலே கோணம் மாறிவிடும்.

காட்டிய விதம். விசில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மெலிதாக இருந்ததா, எந்தப் பக்கம் ஃப்ரீகிக் என்று கை காட்டினானா, இன்டைரக்டுக்குக் கையைத் தூக்கிப் பிடித்தானா. பாதி எதிர்ப்பு முடிவால் வருவதில்லை, முடிவு என்ன என்று புரியாததால் வருகிறது. ஃபவுல் பட்ட அணிக்கு லாபம் இருந்தால் ஆட்டத்தைத் தொடரவிடுகிற அட்வான்டேஜும் இதில்தான் வரும். விதி சில விநாடி காத்திருக்க இடம் தருகிறது, பலன் வராவிட்டால் திரும்பி வந்து ஃபவுல் கொடுக்கலாம். விசிலை எப்போதும் வாயிலேயே வைத்திருக்கிறவன் காத்திருக்கமாட்டான். கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வாய்க்குக் கொண்டுபோகிற அந்த ஒரு விநாடி போதும்.

கண் முடிவு. தள்ளினானா சாய்ந்தானா, வேண்டுமென்று கை வைத்தானா தற்செயலா. நியாயமான இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லக்கூடியவை. இவற்றை விட்டுவிடுங்கள். ஆட்டத்தில் நடந்தவை பற்றிய ரெஃப்ரியின் முடிவே இறுதி என்று விதியே சொல்கிறது. அதை மறுபடி விசாரித்தால் உங்களுக்குக் கிடைப்பது வாக்குவாதம் மட்டுமே. ஊரே அந்த ஒரு பெனால்டியைப் பற்றிப் பேசும். நீங்கள் பெனால்டியை விட்டுவிட்டு, அதைக் கொடுக்கும்போது அவன் நின்ற இடத்தைப் பேசுங்கள்.

ஒருதலைப்பட்சம் என்ற சந்தேகம் வந்தால் ஃபவுல் எண்ணிக்கையை வைத்துச் சொல்லாதீர்கள். பந்தைத் துரத்திக்கொண்டே இருக்கிற பலவீனமான அணிக்கு அதிக ஃபவுல் விழுவது சகஜம். ஒரே மாதிரியான செயலை எடுங்கள்: இந்த அணிக்காரன் சட்டையைப் பிடித்தபோது விசில், அந்த அணிக்காரன் பிடித்தபோது இல்லை, இரண்டும் அவன் கண்முன்னே நடந்தன. இப்படி ஒரு ஜோடி உங்கள் நோட்டில் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் அந்தச் சந்தேகம் உங்களோடு இருக்கட்டும்.

கடைசியில் எடுத்துச் செல்ல வேண்டியது: நன்றாகச் செய்த ஒன்று, திருத்த வேண்டியவை அதிகபட்சம் இரண்டு. தடைக்காலத்தில் அதே பையன் மறுநாளும் ஊதுவான் என்பதால் ஒன்று போதும். ஒரே மூச்சில் ஏழு குறை சொன்னால் ஏழையும் மறந்துவிடுவான்.

8. நேரமும் இடமும்

கடைசி விசிலுக்கும் உங்கள் பேச்சுக்கும் நடுவில் அவன் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, ஸ்கோர் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவனுக்குத் தர வேண்டிய பணத்தைக் கமிட்டி கொடுத்திருக்க வேண்டும். பணம் தருவதற்கு முன் குறை சொன்னால், குறைத்துக்கொடுக்கத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும்.

ஆட்டக்காரர்கள் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள், டீக்கடை வேண்டாம், அங்கே நான்கு பேர் சேர்ந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். பாராட்டைக் குரூப்பில் போடலாம்.

9. பேசும் வரிசை

முதலில் அவனைப் பேசவிடுங்கள், பிறகு பார்த்ததைச் சொல்லுங்கள், பிறகு காரணம், கடைசியில் செய்யக்கூடிய ஒரு மாற்றம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாதி நேரம் தன் தவறு அவனுக்கே தெரிந்திருக்கும், அவன் வாயால் வந்துவிட்டால் நீங்கள் நேராக மாற்றத்துக்குப் போய்விடலாம். இப்படிப் போகலாம்:

"எப்படி இருந்துச்சு தம்பி இன்னைக்கு?"

"அந்த பெனால்டிதான்ணே ஒரு மாதிரி இருக்கு. எல்லாரும் கத்துனாங்க."

"பெனால்டியா இல்லையான்னு நான் சொல்ல வரல. அப்ப நீ எங்க நின்ன?"

"சென்டர் சர்க்கிள் பக்கம்ணே."

"அங்க இருந்து கால் பட்டது தெரிஞ்சுச்சா?"

"தெரியலண்ணே. விழுந்தான், குடுத்துட்டேன்."

"சரி. பந்து ஓரத்துல விங்குக்குப் போனப்பவே நீ ஓட ஆரம்பிச்சிருந்தா ஏரியாகிட்ட வந்திருப்ப. இதே முடிவைக் குடுத்திருந்தாக்கூட யாரும் இவ்வளவு கத்தியிருக்கமாட்டாங்க. நாளைக்கு இது ஒண்ணை மட்டும் பாரு: பந்து விங்குக்குப் போனா நீ ஏரியா முனைக்குப் போயிரணும்."

இதில் "நீ தப்பு" என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் பூசி மெழுகவும் இல்லை. கீழக்கரையில் பையன் உங்களைக் காக்கா (அண்ணன்) என்பான், தங்கச்சிமடத்தில் அண்ணே என்பான். எப்படிக் கூப்பிட்டாலும் அவன் உங்களுக்கு இளையவன், எதிர்த்துப் பேசத் தயங்குவான். தலையாட்டுகிறான் என்பதால் ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நீ என்ன நெனைக்கிற?" என்று ஒரு தடவையாவது கேட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள்.

விசில் பிடிப்பவர் உங்களை விட மூத்தவராக இருந்தால் வரிசை அதேதான், கேள்வி மட்டும் மாறும்: "மாமா, அந்த இடத்துல உங்களுக்கு மறைச்சுச்சா?"

தவிர்க்க வேண்டிய வாக்கியங்கள்: "நான் ஆடுன காலத்துல...", "எல்லாரும் சொல்றாங்க...", "உன்னாலதான் தோத்தாங்க." கடைசி வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த வாரம் ஊத ஆள் தேட வேண்டியிருக்கும்.

10. சிக்கலான சந்தர்ப்பங்கள்

அவனை யாராவது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியோ தள்ளியோ இருந்தால், அன்றைக்கு உங்கள் நோட்டை மூடிவையுங்கள். முதல் வேலை அவனைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதும், நடந்ததைக் கமிட்டியிடம் எழுதிக் கொடுப்பதும்தான். ஆளைத் தொட்ட விஷயத்தை "இளரத்தம், விடுங்க" என்று மூடினால் அடுத்த டோர்னமென்ட்டிலும் அதுவே நடக்கும். ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டும்தான் வந்து பேசலாம் என்ற முறையை 2024-25 பருவத்திலிருந்து ஐஎஃப்ஏபி வழிகாட்டுதலாகத் தந்திருக்கிறது. கமிட்டி அதை நோட்டீசிலேயே போட்டுவிட்டால் பையனுக்குப் பாதிச் சுமை குறையும்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாதாடாதீர்கள். "நான் நின்ன இடத்துல இருந்து அப்படித் தெரிஞ்சுச்சு, நீ பக்கத்துல இருந்த" என்று சொல்லி முடியுங்கள். விதி சார்ந்த விஷயம் என்றால் மட்டும் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைச் சேர்ந்தே படியுங்கள். புத்தகம் உங்களுக்கு எதிராக இருந்தால் அங்கேயே ஒத்துக்கொள்ளுங்கள், பேச்சு இன்னும் எளிதாகப் போகும்.

11. எழுதிக் கொடுங்கள், அடுத்த ஆட்டத்தில் அதை மட்டும் பாருங்கள்

பேசியதை மூன்று வரியில் அவனுக்கு மட்டும் அனுப்புங்கள்: நன்றாக இருந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, ஏன். கமிட்டிக்கு வேறு குறிப்பு போக வேண்டும்: கோடு அழிந்தது, லைன்மேன் இல்லை, பந்துக்குக் காற்றுப் போதவில்லை, ஆட்டத்தைத் தாமதமாகத் தொடங்கினார்கள். ரெஃப்ரியின் குறைகளைக் கமிட்டியிடம் பட்டியல் போடாதீர்கள். அது நடந்தால் அடுத்த முறை "எதைப் பாக்கணும்?" என்று கேட்கும்போது "ஒண்ணுமில்லண்ணே" என்றுதான் பதில் வரும்.

அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி போங்கள், புதுக் குறை தேடாமல் நீங்கள் சொன்ன அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். பந்து விங்குக்குப் போகும்போதெல்லாம் அவன் ஓடுகிறானா? ஐந்தில் மூன்று தடவை ஓடினால் அந்த எண்ணிக்கையையே சொல்லுங்கள். ஓடவே இல்லை என்றால், மணலில் கால் வாங்கவில்லையா, ஏரியா முனை எது என்று புரியவில்லையா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் ஆட்டம் இல்லாத காலை நேரத்தில் மைதானத்துக்கே கூட்டிப்போய், இரண்டு பையன்களைப் பந்தோடு விங்கில் ஓடவிட்டு, அவனை நடக்கவைத்துக் காட்டுங்கள்.